அரசாணைக்கு முன் வந்த குரல்

தொலைந்த சாவியைத் தேடும்போது நீங்கள் அந்தோணியாரை வேண்டிக்கொண்டது உண்டா? ஆக்னஸ் செய்ததும் அதுதான். இங்கிலாந்தில் ஒரு சிற்றூர், ஆண்டு 1563. யாராவது மாட்டைத் தொலைத்துவிட்டு வந்தால், இலத்தீனில் அந்தோணியார் செபம் சொல்லித் திசை காட்டுவாள்.

ஐந்து நூற்றாண்டு தள்ளி, லண்டன் ஆய்வகத்தில், அமலி காலச்செவியை மாட்டிக்கொண்டு அவளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடந்த காலத்தின் ஒலியைப் பிடிக்கும் அந்தக் கருவி, எந்த மொழியையும் கேட்பவரின் ஊர்ப் பேச்சாக மாற்றித் தரும். லண்டனில் அமலியின் காதில் தூத்துக்குடித் தமிழ் பேசியவள் ஆக்னஸ் ஒருத்திதான்.

ஆக்னஸ் சிறுமியாக இருந்தபோது அந்தச் செபம் பக்தி. எட்வர்டு அரசரானதும் மூடநம்பிக்கை. மேரி அரசியானதும் மறுபடி பக்தி. இப்போது எலிசபெத்தின் புதிய சட்டத்தில் சூனியம், ஓராண்டுச் சிறை.

கருவியில் பேசவும் முடியும். ஆனால் தடை.

"கேளுங்கோ அமலி, கதைக்க வேண்டாம்" என்று மேலாளர் சிவநேசன் சொல்லியிருந்தார்.

அமலி பொத்தானை அழுத்தினாள். "அக்கா, அந்தச் செபத்த இனிச் சொல்லாதீங்க. ராணி சட்டம் போட்டுட்டாங்க."

அடுத்து மாட்டைத் தேடி வந்த ராபர்ட்டிடம் ஆக்னஸ் ராணியின் சட்டத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். சில வாரம் கழித்துத்தான் பாதிரியார் கோயிலில் அரசாணையை வாசித்தார். ஊரே திரும்பி ஆக்னஸைப் பார்த்தது.

வழக்கு நடந்தது.

"ஊருக்கே வராத சட்டம் ஒனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?" நீதிபதி கேட்டார்.

"ஒரு கொரல் வந்து சொல்லிச்சுய்யா. நல்ல பிள்ள. பேச்சுலயே தெரியுது."

"எங்க, இப்பப் பேசச் சொல்லு."

"பேசும்மா" என்றாள் ஆக்னஸ்.

அமலியின் விரல் பொத்தான்மேல் இருந்தது. அதே சட்டத்தில், ஆவியை அழைத்துப் பேசினால் தூக்கு.

"கதைச்சா, பேயைக் கூப்பிட்டவள் எண்டு தூக்கு" என்றார் பின்னால் வந்து நின்ற சிவநேசன்.

"பேசலைன்னா?"

"குரல் வந்ததெண்டு அவவே தன்ர வாயால சொல்லிப்போட்டா, பிள்ளை. அதுக்கும் தூக்குத்தான்."

"பேசும்மா" என்றாள் ஆக்னஸ் மறுபடியும். மன்றம் காத்திருந்தது. யாரோ சிரித்தார்கள்.

"சின்னப் பிள்ளய்யா" என்றாள் அவள் நீதிபதியிடம். "இத்தன பேரப் பாத்துப் பயந்திருக்கும்."

மறுநாள் காலை ஆக்னஸைத் தூக்கிலிட்டார்கள். கடைசிவரை அவள் அந்தச் செபத்தைச் சொல்லவில்லை.