எப்போதும் சிரித்த முகம்

சமையலறை மேசையில் அவருக்கு எதிரே கிடந்த நாற்காலி சூடாக இருந்தது.

ஏலக்காரர் அதைத் தற்செயலாகத்தான் தொட்டார். இரங்கல் கூட்டத்திலிருந்து மழையோடு வந்து, சொட்டுகிற குடையை மூலையில் சாய்த்துவிட்டு, ஈரச் சட்டையைக் கழற்றி அந்த நாற்காலியின் முதுகில் போடப் போனபோது புறங்கை இருக்கையில் பட்டது. வீட்டிலிருந்த மற்றதெல்லாம் சில்லிட்டுக் கிடந்தது: மேசை, சுவர், அடுப்பு மேடை, காலையில் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த கோப்பை. அந்த இருக்கை மட்டும், யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்து, இவர் சாவி போடும் சத்தம் கேட்டு இப்போதுதான் எழுந்து போனதுபோல் கதகதவென்றிருந்தது. அது மனைவியின் நாற்காலி. அவள் போன பிறகு அதில் ஒருவரும் உட்கார்ந்ததில்லை.

பூனையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். ஜன்னல்கள் தாழிட்டிருந்ததைப் பார்த்தும் பார்க்காதவராக இருந்துவிட்டார். சரக்கில் ஓட்டை இருந்தால் அந்தப் பக்கத்தைச் சுவரோடு திருப்பி வைத்துவிட்டு மற்ற பக்கத்தைப் பற்றிப் பேசுவது அவருக்குப் பழகிப்போன தொழில்.

காலொடிந்த கட்டிலை, 'படுத்தால் தாலாட்டும்' என்று சொல்லியே தள்ளிவிட்டவர் அவர். ஏலக்கூடத்தை மூடிவிட்டார்கள், தொண்டை மட்டும் மூடவில்லை. அந்தத் தொண்டைக்கு வியாபாரிகள் சங்கம் ஒரு வேலை கொடுத்திருந்தது. கடைத்தெருவில் யார் போய்ச் சேர்ந்தாலும் சங்கக் கூடத்தில் படத்தை வைத்து ஒரு கூட்டம் போடுவார்கள், மைக் இவர் கைக்கு வந்துவிடும். மற்ற நாளில் அவரை யாரும் தேடுவதில்லை. கடைக்காரர்கள் தலையசைப்பதோடு சரி. ஆனால் அந்த ஒரு சாயங்காலம், செத்தவரின் சம்சாரமும் பிள்ளைகளும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள்.

எல்லோருக்கும் ஒரே சட்டையைத்தான் மாட்டினார். எப்போதும் சிரித்த முகம். கேட்டவருக்கு இல்லையென்று சொன்னதில்லை. மூன்றாவதாக ஒன்றை, மனைவி போன பிறகு சேர்த்துக்கொண்டார்: "ஒரு நாள்கூட என்னைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. சாயங்காலம் லைட் போடுகிற நேரத்துக்கு என் வீட்டுக் கதவு தட்டும். எனக்கு எதிரே உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போவார்." அப்படி எவரும் வந்ததில்லை. ஆனால் சொல்லும்போது வந்ததுபோலவே இருக்கும். கூடத்தில் விசும்பல் கேட்கும். அன்றைக்கு ராத்திரி தூக்கம் நன்றாக வரும்.

இன்று படமாக வந்தவர் பூட்டுக்காரர். கடைத்தெரு அவருக்கு வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. கூட்டம் முடிந்து டீ வரும்போது, சங்கச் செயலாளரான ஜவுளிக்கடைக்காரர் ஏலக்காரரின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"அண்ணே, உம்மணாமூஞ்சிக்குச் சிரிச்ச முகமா? மனுஷன் கல்யாண போட்டோவுலயே பல்வலிக்காரர் மாதிரி நிப்பாரே."

"செத்தவரைச் சிரிக்க வெச்சா யாருக்கென்னப்பா நஷ்டம்?"

"அது சரி. ஆனா தினம் உங்க வீட்டுக்கு டீ குடிக்க வருவாருன்னு அளந்தீங்க பாருங்க... நீங்க ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசியே எத்தன வருஷமாச்சு?"

"அவர் சம்சாரம் அழுதாங்களா இல்லயா?"

"அழுதாங்க. நானே அழுதுட்டேன், போங்க." செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு நான் போனா என்னண்ணே சொல்லுவீங்க?"

"உனக்கு எதுக்குப்பா பொய்? உண்மையச் சொன்னாலே கூட்டம் அழுதுடும்."

செயலாளர் சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது. ஏலக்காரர் வெளியே வந்து குடையை விரித்தபோது, சேர்ந்து நடக்க யாருமில்லை.

மறுநாள் சாயங்காலம், தெருவிளக்கு இன்னும் எரியாத, வீட்டு விளக்கைப் போடலாமா வேண்டாமா என்றிருக்கிற அந்த மங்கல் நேரத்தில், மழை ஓய்ந்து தகரக் கூரைகளிலிருந்து மிச்சத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்க, அவர் சுவிட்சில் கைவைத்த அதே கணத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பலமாக இல்லை. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தவர், அவசரமில்லாதவர் தட்டுகிற தட்டல்.

திறந்தார். ஈரத் தெருதான் இருந்தது. மின்கம்பியில் ஒரு காக்கை சிறகை உதறிக்கொண்டது. வாசல்படியில் மட்டும் ஒரு வாசம், மெஷின் எண்ணெயும் புதிதாக அராவிய இரும்புத் தூளும் கலந்தது, மழை வாசத்துக்கு நடுவே தனியாக நின்றுகொண்டிருந்தது. கதவைச் சாத்தித் திரும்பினால் வாசம் வீட்டுக்குள் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. சமையலறையில் அந்த நாற்காலி மேசையிலிருந்து பின்னுக்கு இழுக்கப்பட்டிருந்தது. ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு.

அடுத்து அவர் செய்த காரியத்தை அவரே நம்பவில்லை. அடுப்பைப் பற்றவைத்து இரண்டு டீ போட்டார்.

அதற்கடுத்த நாள் கதவைத் திறப்பதில்லை என்று தாழ்ப்பாள் போட்டு, பூட்டும் போட்டு உட்கார்ந்திருந்தார். தட்டல் கேட்டது. நின்றது. பிறகு பூட்டுக்குள் எறும்பு ஊர்வதுபோல் ஒரு சின்னக் குறுகுறுப்பு. எந்தப் பூட்டும் பூட்டுக்காரர் கைக்கு அடங்கிவிடும் என்று கூட்டத்தில் சொன்னது ஒன்றுதான் கலப்படமில்லாத உண்மை. இதற்குமுன் செத்தவர் எவருக்கும் திறக்காத கதவு திறந்துகொண்டது. ஏலக்காரர் எழுந்து அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார். முதுகுக்குப் பின்னால் நாற்காலி முனகியது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை, பளபளவென்று தேய்த்த பால் பாத்திரத்தின் வளைந்த பக்கத்தில், மேசையும் விளக்கும் சுருங்கித் தெரிய, நடுவே ஒரு முகம் இருந்தது. இறங்கிய புருவம், தொங்கிய கன்னம், எல்லாம் உம்மணாமூஞ்சியுடையதுதான். வாய் மட்டும் அவருடையதில்லை. யாரோ இரண்டு பக்கமும் விரலைக் கொடுத்து இழுத்து, அப்படியே மாட்டிவைத்துவிட்டுப் போனதுபோல் ஒரு சிரிப்பு.

அப்போது போன் அடித்தது. மகள், கடல் தாண்டி இருப்பவள்.

"என்னப்பா, குரலே வித்தியாசமா இருக்கு. யாராவது வந்திருக்காங்களா?"

அவர் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு... ஃப்ரெண்டும்மா."

"ஃப்ரெண்டா? உங்களுக்கா?" அவள் சந்தோஷமாகச் சிரித்தாள். "நல்லதாப் போச்சு. தனியா கெடக்கீங்களேன்னு எனக்கு இங்க சோறே எறங்கல. சரி, சரி, அவர உக்கார வெச்சுட்டு எங்கூடப் பேசாதீங்க. ஞாயித்துக்கெழமை கூப்பிடறேன்."

"இரும்மா, கொஞ்ச நேரம் பேசிட்டு..."

வைத்துவிட்டாள்.

"பூட்டுக்காரரே," என்றார், திரும்பாமலே. "நமக்குள்ள பேச்சுவார்த்தையே கெடையாது. கூட்டத்துல சும்மா அள்ளிவிட்டேன். நீங்க எனக்கு யாருமில்ல. போயிடுங்க."

பாத்திரத்தில் இருந்த சிரிப்பு அசையவில்லை. கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாதவர். ஆனால் ஒரு நாள்கூட இவரைப் பார்க்காமல் இருக்க முடியாதவர். இரண்டில் எது பெரியது என்பது தெளிவாகத் தெரிந்தது. டீ ஆறி ஆடை கட்டும்வரை அது உட்கார்ந்திருந்தது.

அந்த வாரமே தையல்காரம்மா போய்ச் சேர்ந்தார். இந்தத் தடவை வாயை அடக்கிக்கொள்வது என்று சத்தியம் பண்ணிக்கொண்டுதான் ஏலக்காரர் மேடை ஏறினார். நல்ல தையல்காரி, கொஞ்சம் சிடுசிடுப்பு, எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை, அவ்வளவுதான். ஆனால் முன்வரிசையில் தையல்காரம்மாவின் மகள் நிமிர்ந்து பார்த்தாள். கூடம் காத்திருந்தது. மைக் ஒருமுறை கரகரத்தது. நாக்கு, காலங்காலமாக மிதித்த தையல் மெஷின்போல், தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. "எப்போதும் சிரித்த முகம்..." மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன. மேலே ஒன்றும் சேர்ந்துகொண்டது: "என் உடம்பளவு அவருக்கு மனப்பாடம்."

மறுநாள் இரண்டு தட்டல்.

அவர் மேசைமுன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். எண்ணெய் வாசம் முதலில். பின்னால் புதுத் துணியின் கஞ்சி வாசம். ஒரு நாற்காலி முனகியது. இன்னொன்று முனகவில்லை. அதற்குப் பதிலாக, சில்லென்று, வழவழப்பாக, ஒரு நாடா அவர் பிடரியில் படிந்து முதுகுத்தண்டு வழியே இறங்கியது. தோளுக்குத் தோள் அளந்தது. தலையிலிருந்து கால்வரை அளந்தது. சட்டைக்கு யாரும் அப்படி அளப்பதில்லை.

அப்படிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. பயத்துக்கு நடுவே, கூட்டத்தில் யாரோ கைதூக்குவதுபோல்.

சொன்னதால்தானே இவர்கள் வருகிறார்கள்.

அவளுக்கு அவர் ஒன்றுமே சொல்லவில்லை. மனைவியின் படத்துக்கு முன்னால் அன்று மைக்கை வாங்கினார், அப்படியே கீழே வைத்துவிட்டார். ஊரான் வீட்டுச் சாவுக்கெல்லாம் அருவியாகக் கொட்டுகிறவர் சொந்த வீட்டுச் சாவுக்கு ஊமையாகிவிட்டார் என்று கடைத்தெரு மூக்கில் விரல் வைத்தது. அதனால்தான் அந்த நாற்காலி அத்தனை நாளும் சில்லென்று கிடந்ததா?

இரண்டு நாள் யோசித்தார். கலப்படம் கூடாது. ஒரு சொல்கூட. அவள் எப்படி இருந்தாளோ அப்படியே சொல்லவேண்டும். அப்போதுதான் அவளாக வருவாள். கோபக்காரி. தூக்கத்தில் போர்வை முழுவதையும் இழுத்துக்கொள்வாள். தலைவலித் தைலம் இல்லாமல் படுக்கமாட்டாள். முன்பல் ஒன்று கோணல். அதை மறைக்க, சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் முழுச்சிரிப்பை அவர் பார்த்தது அபூர்வம். பார்த்தபோதெல்லாம் அந்தக் கோணல் பல்தான் அழகு.

மூன்றாம் நாள் சாயங்காலம் விளக்கைப் போட்டார். தட்டினார்கள். வந்தார்கள். உட்கார்ந்தார்கள். ஏலக்காரர் எழுந்து நின்றார். கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது. டார்ச்சை மைக்காகப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, எதிரே இருந்த இரண்டு சிரிப்புகளுக்கும் மேலாக, படுக்கையறைக் கதவு இருந்த பக்கமாகப் பேசினார்.

"என் சம்சாரத்தப் பத்தி நாலு வார்த்த. அவ கோபக்காரி. நான் பொய் சொன்னா மூஞ்சியப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவா."

படுக்கையறையில் கட்டில் கிறீச்சிட்டது.

"ராத்திரி போர்வைய விடமாட்டா. நான் நடுங்கிக்கிட்டே கெடப்பேன்."

துணி இழுபடும் சத்தம். தைல வாசம். எண்ணெய் வாசத்தையும் கஞ்சி வாசத்தையும் தள்ளிக்கொண்டு, நெற்றியைச் சுடுகிற அந்தத் தைலம்.

"சிரிப்பு வந்தா கையால வாயப் பொத்திக்குவா."

செருப்பு தரையில் உரசியது. இடதுகாலைக் கொஞ்சம் இழுத்து. அவளேதான். அவர் கண்ணைத் திறந்தார். கண்ணீர் முட்டியது. நெஞ்சு விரிந்தது. இத்தனை வருஷத்தில் எந்தக் கூட்டத்திலும் இப்படிப் பேசியதில்லை. குரல் தானாக மேலே ஏறியது, சங்கக் கூடத்தின் கடைசி வரிசைவரை போகிற குரல், கனத்து, குழைந்து, அடுத்து பல்லைச் சொல்லவேண்டும், அந்தக் கோணல் பல்லை, வாயைத் திறந்தார்...

"எப்போதும் சிரித்த முகம்!"

நாக்கைக் கடித்தார். ரத்தம் உப்புக் கரித்தது. சொல் போய்விட்டது.

செருப்புச் சத்தம் நின்றது.

"இல்ல," என்றார். "அது இல்ல. அது எல்லாருக்கும் சொல்றது. உனக்கில்ல."

மழை. கூரையில் சொட்டு. செருப்பு மறுபடி உரசியது.

கதவருகே நின்றாள். அதே பழைய புடவை. அதே சாய்ந்த தோள். கை வாயைப் பொத்தியிருந்தது. விரல்களுக்கு மேலே அவள் கண்கள். அவர் பொய் சொன்னால் கண்டுபிடிக்கிற கண்கள். அவை சிரிக்கவில்லை. அவை பயந்திருந்தன.

"கையை எடுக்காத," என்றார் ஏலக்காரர். "எடுக்காதம்மா. அப்படியே இரு."

பூட்டுக்காரர் எழுந்து அவள் நாற்காலியை விட்டுக்கொடுத்தார். அவள் வந்து உட்கார்ந்தாள். அவருக்கு எதிரே. பிடரியில் நாடா சில்லென்று படிந்தது.

கை மெல்ல இறங்கியது.

பல்லைப் பற்றி அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அத்தனை பற்களும் நேராக, வரிசையாக, காதுவரை.