துடைத்த அறை

மத்தியானம் இரண்டு மணிக்கு, பூட்டிக் கிடந்த அறைக்குள் யாரோ ஈரத் துணியால் கண்ணாடி துடைக்கும் சத்தம் கேட்டது. குசினியில் நின்ற கிருசாந்தினிக்கு அது புதுச் சத்தமில்லை. லிபெர்த்தாத் தெருவில் சிஞ்ஞோராக்களின், அந்த ஊர் எசமானி அம்மாமாரின், வீடுகளில் வேலை செய்து பதினாறு வருசமாக அவளே எழுப்பிவரும் சத்தம்தான். ஆனால் அது மகள் துசானியின் அறை. பதினேழு வயதுப் பிள்ளை காணாமல் போய் இன்றோடு ஒன்பது நாள்.

சத்தம் நின்றது. வெயிலுக்குப் பயந்து, அவர்கள் குடியிருந்த கால்சாப் பகுதியின் சந்து முழுக்கச் சன்னல்களைச் சாத்திக்கொண்டு தூங்கியது. துறைமுகப் பக்கமிருந்து காற்றுக்கூட இல்லை. ஆனாலும் வீட்டுக்குள் கடல்தண்ணீர் மணத்தது.

பாழாய்ப்போன கை. நேற்று, குற்றப் புலனாய்வுப் பொலிசார் வருகிறார்கள் என்று கேட்டதும், ஆட்கள் வரும் வீடு அழுக்காய்க் கிடக்கலாமா என்று விடிய எழும்பி அந்த அறையைத்தான் முதலில் கழுவினாள். கட்டில் விரிப்பு, சீப்பு, கதவுப்பிடி, அலுமாரிக் கண்ணாடி, ஒன்றையும் விடவில்லை. வந்தவர்கள் விரல் அடையாளம் தேடிக் கறுப்புத் தூளைத் தூரிகையால் தடவித் தடவிப் பார்த்தார்கள். அவர்களுடைய நாய் மோந்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டது. பிள்ளை தானாகப் போனாளா, யாரும் கொண்டுபோனார்களா? சொல்லக்கூடிய அடையாளமெல்லாம் வாளித் தண்ணீரோடு போய்விட்டது.

“ஆர் துடைச்சதெண்டு கேக்கினம்.” கணவன் சுஜீவன்தான் தமிழில் திருப்பிச் சொன்னான். அவளுக்கு விளங்காமலில்லை.

“நான்தான். ஆக்கள் வருகினமெண்டு...”

வந்தவர்களில் பெரியவரான பெண் அதிகாரி ஏசவில்லை. இனி ஒன்றையும் தொடவேண்டாம், சின்ன அடையாளம் தெரிந்தாலும் அழிக்காமல் கூப்பிடுங்கள் என்று மெதுவாய்ச் சொல்லிவிட்டுப் போனார். ஏசியிருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போது பூட்டைத் திறந்து அறைக்குள் போனாள். யாருமில்லை. அலுமாரிக் கண்ணாடியில் அப்பியிருந்த கறுப்புத் தூளைக் காணவில்லை. துடைத்திருந்தது. மேலிருந்து கீழே, ஓரம் விடாமல். மகளுக்கு அவள் பழக்கியதுபோலவே.

“பிள்ளை?”

கன்னத்தில் குளிர். ஈரம்.

கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். வலது கன்னத்தில், அதே தூளில், ஐந்து கறுப்பு விரல் அடையாளம். ஆள்காட்டி விரலின் குறுக்கே ஒரு வெட்டு. தேங்காய் துருவும்போது துருவலையில் துசானிக்குப் பட்ட காயம். அவள்தான் மஞ்சள் வைத்துக் கட்டினாள்.

பார்வையை எடுக்காமலே போனில் கணவனைக் கூப்பிட்டாள்.

“இஞ்சருங்கோ, அந்தப் பொலிசாக்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அடையாளம் கிடைச்சிட்டுது.”

“எங்கை?”

சொல்லவில்லை. வாய் அசைந்தால் கன்னம் அசையும். அழக்கூடாது. ஒரு சொட்டு விழுந்தாலும் அழிந்துவிடும். மிச்சமிருப்பது இது ஒன்றுதான்.

கண் நிரம்பியது. வழிந்தது.

கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் யாருமில்லை. ஆனால் கண்ணோரத்தில் ஈரத் துணி ஒன்று மெல்ல வந்து படிந்தது. அம்மாவின் கண்ணீரைத் துடைத்தது. மேலிருந்து கீழே. ஓரம் விடாமல்.

“வேண்டாம், பிள்ளை. துடையாதை.”

கன்னத்தில் விரல்கள் ஒவ்வொன்றாய்க் காணாமல் போயின.