வீடு மாற்ற விருப்பம்

விளம்பரத்தில் இருந்த ஆடுநாற்காலியின் வலது கைப்பிடியில் பச்சைத் துணி சுற்றியிருந்தது. யனேசி திரும்பி, சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் நாற்காலியைப் பார்த்தாள். அதன் வலது கைப்பிடியிலும் பச்சைத் துணி. போன வருடம் மரச் சிலாம்பு உள்ளங்கையில் குத்தியபோது, பழைய மேஜை விரிப்பைக் கிழித்து அம்மாவே இறுக்கிக் கட்டியது அது.

மதியம் மூன்று மணி. மழைக்கு முந்தைய புழுக்கம். ஜன்னலின் மரக் கதவுகளை இழுத்துச் சாத்தியும் மத்தான்சாஸ் துறைமுகத்தின் எண்ணெய் வாடையும் கீழ்வீட்டில் கருப்பு பீன்ஸ் வேகும் வாடையும் இடுக்குகளில் நுழைந்து கூடத்தில் வந்து நின்றன. கம்ப்யூட்டர் திரையில் கதாநாயகன் அழுதுகொண்டிருந்தான். அவன் கன்னத்தை மறைத்தபடி மூலையில் அந்தக் கட்டம்: வீடு மாற்ற விருப்பம். மூன்றாம் மாடி, இரண்டு அறை, கடல் காற்று, நாற்காலி உட்பட.

இந்த ஊரில் எந்த வீட்டில்தான் ஆடுநாற்காலி இல்லை என்று யனேசி தனக்கே சொல்லிக்கொண்டாள். பச்சைத் துணியும் ஊரில் ஒன்றுதானா என்ன.

அந்தக் கட்டடத்தில் யார் வீட்டுக்கும் இணையம் கிடையாது. திங்கள்தோறும் வில்ஃப்ரெதோ சைக்கிளில் ஒரு ஹார்டு டிஸ்க் கொண்டுவருவார். ஊரே அதைப் பொட்டலம் என்றுதான் சொல்லும். சினிமா, சீரியல், பாட்டு, நடுநடுவே அழகு நிலையம் முதல் ஒரு வீட்டைக் கொடுத்து இன்னொரு வீட்டை மாற்றிக்கொள்வது வரை விளம்பரங்கள். விளம்பரத்தோடு ஒட்டிக்கொண்டு வைரஸும் வரும். வந்ததை எடுப்பவள் யனேசி. கிளினிக்கில் பதிவேடு பார்க்கும் வேலை முடிந்து வந்து வீடு வீடாக ஒரே பாடத்தைச் சொல்வாள்: விளம்பரம் தானாகக் குதித்தால் அதன் பெருக்கல் குறியைத் தொடாதீர்கள், மூடுகிற குறியைப் போல வரைந்து வைத்திருப்பான், தொட்டால் உள்ளே வா என்று நீங்களே கூப்பிட்டதாகிவிடும், பேசாமல் பிளக்கைப் பிடுங்குங்கள். இதற்காகவே அவளுக்குப் பிளக்கம்மா என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

பொட்டலத்தைச் சோதிக்காமல் அவள் தன் கம்ப்யூட்டருக்குள் விட்டதே இல்லை. இந்தத் திங்கள் மட்டும், சீரியலின் கடைசி வாரம் என்று அம்மா குழந்தையைப் போல அடம்பிடித்ததால், அப்படியே ஏற்றிவிட்டாள்.

அன்று மாலை இரண்டு மணி நேரம் துழாவிவிட்டு, ஒன்றும் இல்லை என்று சொன்னது வைரஸ் தேடும் புரோகிராம். அவள் நம்பவில்லை. அந்த வாரத்துப் பொட்டலம் முழுவதையும் அழித்தாள், அம்மாவின் சீரியலைத் தவிர.

மறுநாள் கட்டம் மறுபடி வந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் இப்போது ஒரு முக்காலி, அதன் மேல் காது உடைந்த காபிக் கோப்பை. காலையில் யனேசிதான் அந்தக் கோப்பையை அங்கே வைத்தாள். அவளுடைய கம்ப்யூட்டருக்குக் கேமரா கிடையாது. பெட்டி போல் பருத்த பழைய திரை, பார்க்கக் கண்ணே இல்லாதது. படத்துக்குக் கீழே ஒரு வரி கூடியிருந்தது: இருப்பவர் இந்த வாரம் காலி செய்வார்.

அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

"அவன் மூஞ்சியை மறைக்குதுடி. அந்தக் குறியை ஒரு தட்டுத் தட்டினா போயிடாதா?"

"அதைத்தாம்மா தொடக் கூடாது. எது வந்தாலும் என்னைக் கூப்பிடு. நான் இல்லேன்னா பிளக்கைப் பிடுங்கு."

"ஊருக்குச் சொல்ற பாடத்தை எனக்குமா?" என்று அம்மா நாற்காலியை ஆட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை படம் மாறியது. பதிலுக்குத் தருவது: உள்ளறை ஒன்று. ஜன்னல் இல்லை. ஆள் இருக்கிறார். சுவர் முழுக்க ஈரம் வழிந்து கறுத்திருந்தது. நடுவில் யாரோ முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கைகள் இருக்க வேண்டியதைவிட நீளம். யனேசி பிளக்கைப் பிடுங்கினாள். யுபிஎஸ் பெட்டி பீப் என்று கத்த, திரை அணையாமல் அப்படியே நின்றது. அந்தப் பெட்டியின் பொத்தானையும் அழுத்திய பிறகுதான் அடங்கியது. கூடத்தில் ஈரச் சுவரின் வாடை அடித்தது. வெளியே மழை இன்னும் தொடங்கவில்லை.

வியாழன் காலை வில்ஃப்ரெதோவைத் தெருமுனையில் மறித்துக் கேட்டாள். அவர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

"பிளக்கம்மாவுக்கே வைரஸா? இந்த வாரம் வீட்டு விளம்பரமே வரலியே. நாப்பது வீட்டுக்கு இதே டிஸ்க்தான் போட்டேன், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை."

"எங்க வீட்டுல மட்டும் தெரியுது, அண்ணே."

அவர் சிரிப்பதை நிறுத்தினார். "அப்போ அந்த மிஷினைத் தொடாதே. அம்மாவையும் தொட விடாதே" என்று சொல்லிவிட்டு, வழக்கமாகக் குடிக்கும் காபியைக்கூடக் கேட்காமல் போய்விட்டார்.

அன்றைக்கு அம்மாவை ஒரு வேலை கொடுத்து அடுப்படியில் நிறுத்திவைத்து, தான் மட்டும் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தாள். படத்து அறையில் இருந்தது பாதி திரும்பியிருந்தது. காதும் தாடையும் தெரிந்தன. தாடை, அம்மாவின் தாடை. தன் அம்மாவைத் தான் இழக்கப்போகிறோம் என்று யனேசிக்குக் காரணமே இல்லாமல், ஆனால் நிச்சயமாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு சொன்னாள். கம்ப்யூட்டரை அடியோடு துடைத்துப் புதிதாக ஏற்றிவிட வேண்டும். அதற்கான சிடி கீழ்வீட்டு ஒதாலிஸிடம் இருந்தது. பிளக்கைப் பிடுங்கி, யுபிஎஸ்ஸையும் அணைத்துவிட்டுத்தான் படி இறங்கினாள். ஐந்து நிமிஷம், அம்மா, கிட்டப் போகாதே. அம்மா தலையாட்டினாள். சீரியலின் கடைசிப் பாகம் இன்னும் பாக்கி என்பதை யனேசி மறந்துபோனாள்.

ஒதாலிஸ் சிடியைத் தேடி எடுக்கப் பத்து நிமிஷம் ஆனது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இடி. மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது. தெரு முழுக்கக் கரண்ட் போன சத்தம், வீட்டுக்கு வீடு ஒரு பெருமூச்சு.

அந்த அமைதியில் மேலே இருந்து கேட்டது.

பீப்.

கரண்ட் போனால் யுபிஎஸ் கத்தும். அணைத்து வைத்த யுபிஎஸ் கத்தாது.

பீப்.

படிகளில் இரண்டிரண்டாக ஏறினாள். இரண்டாம் மாடியிலேயே அந்த வாடை. ஈரச் சுவர். மூன்றாம் மாடி. கதவு திறந்துதான் இருந்தது. கூடம் இருட்டு. திரையின் வெளிச்சம் மட்டும். அதற்கு எதிரே நாற்காலி, முதுகு அவள் பக்கம். நரைத்த கொண்டை. நாற்காலி ஆடியது.

"அந்தக் கட்டத்தை மூடிட்டேன், யனே."

அம்மாவின் குரல்தான்.

யனேசி நாற்காலியைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. சுவரோரமாக நகர்ந்து திரைக்கு முன்னால் போனாள்.

மாற்றம் முடிந்தது, நன்றி. அவ்வளவுதான் எழுத்து. அதற்கு மேல் ஈர அறை. அதில் அம்மா. வாய் திறந்து, சத்தமில்லாமல். உள்ளங்கையைக் கண்ணாடியில் அப்பி, மேல் மூலையில் எதையோ தடவித் தடவித் தேடினாள். உள்ளங்கையில் பழைய சிலாம்புத் தழும்பு.

அவள் தேடுவது பெருக்கல் குறி. அந்தப் படத்தில் அது இல்லை.

பீப். பீப்.

பாட்டரி தீர்கிறது. யனேசி தரையில் விழுந்து பிளக்கைப் பிடித்தாள். எத்தனை வீட்டில் பிடுங்கச் சொன்னது. இப்போது இரண்டு கையாலும் சுவரில் செருகி அழுத்தினாள். கரண்ட் இல்லை. அழுத்தினாள்.

பின்னால் நாற்காலி நின்றது. நகம் துணி முடிச்சைப் பிரிக்கும் சத்தம். நிதானமாக. பச்சைத் துணி அவள் கணுக்கால் பக்கம் வந்து விழுந்தது.

"கரண்ட் வராட்டி போகுது. காபி போடவா?"

பீப் நீண்டு ஒரே கோடாகக் கத்தியது.

படம் நாலு பக்கமும் சுருங்கியது. அறை போனது. முகம் போனது. பழைய திரையின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்சி, அணையாமல் நின்றது. அதற்குள் ஒரு உள்ளங்கை, இன்னும் மூலையைத் தடவிக்கொண்டிருந்தது.