பகைமாற்று நாள்

செம்பாறைக் குடியேற்றத்தில் பகைமாற்று நாளன்று எல்லோருக்கும் தலைமுழுகக் கூடுதலாக இரண்டு குவளைத் தண்ணீர் கிடைக்கும். குளித்து, புதுத்துணி உடுத்தி, குவிமாடத்துக்குக் கீழே இருக்கும் கல்லூரி மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். சங்கு ஊதும். மறுபடி ஊதும்போது கண்ணைத் திறந்தால், அந்தப் பருவம் முழுக்க யாரை வெறுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். அதன்பிறகு பாயசம் கொடுப்பார்கள்.

செவ்வாயில் மனிதர்கள் குடியேறிய புதிதில் பெரிய தொல்லையாக இருந்தது சலிப்புதான். வெளியே போனால் மூச்சு நின்றுவிடும். உள்ளே இருந்தால் அதே முகங்கள். ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளத் தொடங்கியபோது ஆட்சிக்குழு ஒரு வழி செய்தது. குடியேற்றத்துக்கு ஒரு கல்லூரி, கல்லூரிக்கு ஒரு கால்பந்து அணி, அணிகள் சேர்ந்து ஆடக் கூட்டமைப்புகள். ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் தோலுக்கடியில் உளுந்து அளவில் ஒரு மின்சில்லு, சார்புச்சில்லு என்று பெயர். ஆட்டப் பருவத் தொடக்கத்தில் ஆட்சிக்குழுத் தலைமையகம் அந்தச் சில்லுக்கு அலை அனுப்பும். எதிரி அணி எது, அந்த ஊர்க்காரர்கள் நமக்கு என்னென்ன கொடுமை செய்தார்கள் என்பதெல்லாம் நினைவில் ஏறிவிடும். கோபம் அந்தப் பக்கம் போய்விடுவதால் வீட்டில் அமைதி நிலவும். மோசமான ஏற்பாடு என்று சொல்லிவிட முடியாது.

ஓர் ஆண்டு செம்பாறை இருந்த கூட்டமைப்பே ஆட்டம் கண்டது. செம்பாறையின் பரம எதிரியான வெண்துருவமும் இன்னொரு பெரிய அணியும், பூமி ஒளிபரப்பில் அதிக நேரம் கிடைக்கிறது என்று வேறு கூட்டமைப்புக்குத் தாவிவிட்டன. பகை இல்லாத ஆட்டம் பூமியில் பார்ப்பவர்களுக்கு உப்பில்லாத சோறு மாதிரி. ஆகவே சில புது அணிகளைச் சேர்த்து, மிச்சமிருந்தவற்றோடு புதிதாக அடுக்கினார்கள். செம்பாறைக்கு எதிரியாக வாய்த்தது நெடும்பள்ளம். குழாய் ரயிலில் ஏறி உட்கார்ந்தால் வந்துவிடும் ஊர், பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்.

நிறைமதியின் கணவன் அதியன் நெடும்பள்ளத்துக்காரன், கல்யாணத்துக்குப் பிறகு செம்பாறைக்கு வந்து தங்கியவன்.

நிறைமதி காற்றுக்குழாய்களைப் பற்றவைக்கும் வேலை செய்பவள். எந்த அணிக்கு எது எதிரி என்ற அட்டவணையை ஒட்டிய அன்று அவளுக்கு ஒரே கவலை. ஊர் வெறுத்தால் சமாளித்துக்கொள்ளலாம், தானே அவனை வெறுத்துவிட்டால் என்ன செய்வது? வேலைக்கூடத்தில் கிடந்த ஈயத் தகட்டை நறுக்கி, அலை நுழையாதபடி தனக்கும் அவனுக்கும் காதுக்குப் பின்னால் ஒட்டி, முடியை இழுத்து மூடினாள். இரண்டாம் சங்கு ஊதியதும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதுவும் மாறவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தாள்.

ஊர்தான் மாறியது. அதியனோடு தினமும் கேரம் ஆடும் பக்கத்துவீட்டுக் கோதண்டபாணி, பலகையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். முந்தைய பருவம்வரை செம்பாறையின் தண்ணீர்க் குழாயை உடைத்துப் பலரைத் தவிக்கவிட்டது வெண்துருவம்தான் என்று அழுதவர்கள், இப்போது நெடும்பள்ளம் உடைத்தது என்று அழுதார்கள். அதே ஆட்கள், அதே கண்ணீர். யாருக்கும் குரல் தடுமாறவில்லை. ஒருநாள் குவிமாடத்துக்கு வெளியே போக அதியன் மாட்டும் காற்றுடையில் கழுத்து வளையம் தளர்ந்திருந்தது, அப்படியே போயிருந்தால் மூச்சு நின்றிருக்கும். யாரோ மறந்துபோய் விட்டிருப்பார்கள் என்று அவன் சொன்னான். அன்றிலிருந்து அவன் உடையை அவளே மாட்டிவிட்டாள்.

செம்பாறை முதல் சில ஆட்டங்களில் செமத்தியாக உதை வாங்கியது. பிறகு கூட்டமைப்புக்குப் புதிதாக வந்த கத்துக்குட்டி அணிகளையெல்லாம் புரட்டி எடுத்து மேலே ஏறியது. கடைசி ஆட்டம் நெடும்பள்ளத்தோடு, ஜெயிப்பவருக்குக் கோப்பை. போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று கணவனும் மனைவியும் போய் உட்கார்ந்தார்கள்.

குறைந்த ஈர்ப்பில் பந்து மேலே போய் நிதானமாக இறங்கும். அது இறங்கும்வரை கூட்டம் ஒரே குரலில் கத்தும்: "கதவைத் திற! பள்ளத்தானைத் தள்ளு!" கதவு என்றால் குவிமாடத்தின் வெளிக்கதவு. அதற்கு அப்பால் காற்று கிடையாது.

நிறைமதி முதலில் வாயை மட்டும் அசைத்தாள். நெடும்பள்ளத்து வீரன் ஒருவன் செம்பாறையின் முன்னணி வீரனைக் காலை வாரிவிட்டான். நடுவர் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் நடந்தது அவளுக்குக் கோர்வையாக நினைவில்லை. உணர்வு வந்தபோது அவள் எழுந்து நின்றிருந்தாள், தொண்டை கம்மியிருந்தது, நீட்டிய விரல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதியனைக் காட்டிக்கொண்டிருந்தது. சுற்றி இருந்தவர்கள் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். அந்தப் பருவத்தில் அவளைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் தகட்டைப் பிய்த்தெறிந்தாள்.

"தகடு தாங்கல. எனக்குள்ளயும் ஏறிடுச்சு. உங்களை என்ன செஞ்சுடுவேன்னு எனக்கே பயமா இருக்கு. ஊருக்குப் போயிடுங்க."

அதியன் அடுத்த ரயிலில் போய்விட்டான்.

சில்லை எடுத்துவிட்டால் அவனைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்று நிறைமதி தலைமையகத்துக்குப் போனாள். அங்கே தொழில்நுட்பராக இருந்த குமணனுக்கு நடுத்தர வயது, தூங்கி வழியும் முகம். அவள் காதோரம் கருவியை வைத்துப் பார்த்தவர், இதில் எதுவுமே ஏறவில்லையே என்றார். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

குமணன் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அனுப்பினாத்தானேம்மா ஏறும்? அலை அனுப்புற கருவி கெட்டுப்போயி எத்தனையோ பருவம் ஆச்சு. முதல்ல நாங்களும் பயந்தோம். அட்டவணையை மட்டும் ஒட்டிட்டு, சங்கை ஊதிப் பார்த்தோம். ஜனங்க மிச்சத்தைத் தாங்களே பார்த்துக்கிட்டாங்க."

"தண்ணிக்குழாயை உடைச்ச கதை?"

"அது நாங்க எழுதினது இல்ல. உங்க ஊர்லதான் யாரோ ஆரம்பிச்சிருக்காங்க." கருவியைத் துடைத்து உறையில் போட்டார். "பூமியில அந்தக் காலத்துல சில்லே இல்லாமத்தான் எல்லாம் நடந்துச்சாம். இங்க வந்தவங்கதான் தேவைன்னு நினைச்சுட்டாங்க."

நிறைமதிக்கு மனம் லேசாகிவிட்டது. ரயில் நிலையத்துக்குப் போகும்வரைகூடப் பொறுக்கவில்லை, வாசலிலேயே நின்று அதியனை அழைத்தாள். சில்லு வெறும் சில்லுதான், அலையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது, பயப்பட எதுவும் இல்லை, உடனே கிளம்பி வாருங்கள் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

மறுமுனையில் அதியன் கேட்டான்:

"அப்படின்னா, அன்னிக்கு என்னைக் காட்டிக் கத்தினது யாரு?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.