நூறு உதைகளின் சராசரி

வடகரை இளையோர் சங்கத்தின் ஆட்டங்களில் கோல் விழுந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. அறுபது நிமிடம் ஆடுவார்கள், ஒரு கோலும் விழாது. பிறகு பெனால்டி. அணிக்கு ஐந்து, அதுவும் போதாமல் இன்னும் ஐந்து. எல்லாவற்றையும் கோல்கீப்பர்கள் பிடித்துவிடுவார்கள். கடைசியில் நடுவர் காசு சுண்டுவார். பார்க்க வந்தவர்கள் எழுந்து நின்று கத்தியது அந்த ஒரு கட்டத்தில்தான்.

இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகளைப் போல அழகாகப் பந்தை உதைத்தவர்கள் அதற்கு முன் இருந்ததில்லை. எல்லாம் கால்கச்சையின் புண்ணியம். தொடையிலிருந்து கணுக்கால்வரை இறுக்கிப் பிடிக்கும் ஓர் உறை, உள்ளே தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள். எந்தத் தசை எப்போது இறுக வேண்டும், எப்போது தளர வேண்டும் என்று மின்துடிப்புகளால் அது காலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். தினம் இரண்டு மணி நேரம் வீதம் அறுபது நாள் மாட்டிப் பழகினால், கழற்றிய பிறகும் கால் மறக்காது. விசைக்கால் நிறுவனம் அதில் ஏற்றியிருந்த உதைப்பதிவுக்கு ஏழாம் பதிவு என்று பெயர். ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரை நூறு முறை உதைக்கவைத்து, நூறின் சராசரியை எடுத்துச் செய்தது. அந்த மனிதர் நூறையும் இடது மூலையில், தரையை ஒட்டி, ஒரே இடத்தில் சொருகினாராம்.

முதல் ஆண்டு கோல்மழை. ஒன்பதுக்கு எட்டு என்றெல்லாம் ஆட்டம் முடிந்தது. இரண்டாம் ஆண்டு அதே நிறுவனம் கோல்கீப்பர்களுக்குக் கைக்கச்சை விற்றது. அதற்குள்ளும் அதே ஏழாம் பதிவுதான். எதிராளி ஓடிவரத் தொடங்கும்போதே கீப்பரின் கை இடது மூலைக்குப் போய்விடும். வியாபாரம் இரண்டு பக்கமும் நடந்தது, கோல்தான் நின்றுபோயிற்று.

வியாசர்பாடி பெண்கள் அணியின் பயிற்சியாளர் புஷ்பலீலா. கோல் போடக் கற்றுக்கொடுப்பதுதான் அவள் வேலை என்று நியமனக் கடிதத்தில் இருந்தது. மூன்று ஆண்டுகளாக அவள் செய்ததென்னவோ கச்சைகளுக்கு மின்னேற்றுவதும், வியர்வை நாற்றம் போக அலசி நிழலில் காயப்போடுவதும்தான். அதில் அவளுக்கு வெட்கம் இருந்தது. வெட்கத்தைவிடப் பெரிய கவலையாக அமுலு இருந்தாள்.

அமுலுவுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஷேர் ஆட்டோ கவிழ்ந்ததில் வலது காலில் எலும்பு முறிந்து, உள்ளே எஃகுத் தகடு வைத்திருந்தார்கள். கச்சையை மாட்டினால் தகட்டைக் கண்டு அது கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். அதனால் பயிற்சியில் மட்டும் உதைப்பாள், ஆட்டங்களில் இறங்கியதில்லை. கச்சையில் அறுபது நாள் பழகியவர்களுக்குத்தான் நிறுவனம் உதைச்சான்று தரும், கச்சை இல்லையென்றால் அதுவும் இல்லை. அடுத்த பருவத்திலிருந்து நடப்புப் பதிவில் உதைச்சான்று வாங்காத யாரும் ஆடக் கூடாது என்று சங்கம் விதி போட்டிருந்தது. இதை அமுலுவிடம் சொல்ல வேண்டும். லீலா மூன்று வாரமாக நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

அதற்குள் இன்னொரு தலைவலி வந்தது. அணியின் கீப்பர் டெய்சி, தன் கைக்கச்சை பழுதாகிவிட்டது என்றாள். மற்றவர்கள் உதைத்தால் கை சரியாகப் போகிறது, அமுலு உதைத்தால் மட்டும் எங்கேயோ போகிறது என்று புகார். லீலா பக்கத்தில் நின்று பார்த்தாள். அமுலு பத்து உதைத்தாள், ஏழு வலைக்குள் போயிற்று. ஏழு மாதமாக யாரும் காணாத காட்சி கண்ணெதிரே நடக்கிறது. லீலா என்ன செய்தாள்? கைக்கச்சையைப் பெட்டியில் போட்டு, பழுது நீக்கித் தரவும் என்று நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தாள். அந்தக் காலத்தில் வேறு எந்தப் பயிற்சியாளரும் அதைத்தான் செய்திருப்பார்.

நான்காம் நாள் விசைக்காலின் பொறியாளர் நவநீதன் அந்தப் பெட்டியோடு மைதானத்துக்கே வந்துவிட்டார். கைக்கச்சையில் எந்தக் குறையும் இல்லை, அந்தப் பெண்ணை நான் பார்க்க வேண்டும் என்றார். அமுலு உதைத்ததைப் பார்த்து அவர் முகம் மலர்ந்துபோயிற்று. எட்டாம் பதிவுக்கு ஏற்ற உதையைத் தேடி மூன்று நாடுகள் சுற்றியிருக்கிறாராம். அமுலுவின் உதையைப் பதிந்துகொள்ள அனுமதித்தால், பதிவுக்கு உரியவள் என்ற முறையில் அவளுக்குச் சான்று தானாகவே கிடைத்துவிடும் என்றார்.

லீலா அமுலுவைத் தனியே அழைத்து, சொல்லாமல் வைத்திருந்த விதியையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னாள். உன் உதை ஊருக்கெல்லாம் போய்விட்டால் நாளைக்கு அதையும் கீப்பர்கள் படித்துவிடுவார்கள், அப்புறம் உன்னிடம் உனக்கென்று எதுவும் இருக்காது என்றும் எச்சரித்தாள்.

அமுலு காலடியில் பந்தை உருட்டிக்கொண்டிருந்தாள். “நான் டீம்ல இருப்பேனா இல்லியா, அத்த மட்டும் சொல்லுக்கா,” என்றாள்.

“இருப்ப.”

“அப்ப எட்த்துக்கட்டும்.”

பதிவு ஒரு பெரிய கூடத்தில் நடந்தது. கச்சை வேலை செய்யாது என்பதால் கால் முழுக்கப் பொட்டுப் பொட்டாக உணரிகளை ஒட்டினார்கள். சுற்றிலும் நாற்பது கேமராக்கள். எதிரே ஒரு கோல், வலையோடு. கோல்ல யாரு நிப்பாங்க என்று அமுலு கேட்டாள். யாரும் தேவையில்லை பாப்பா, எங்களுக்கு உன் கால்தான் வேண்டும் என்றார்கள். அவள் தோளைக் குலுக்கிவிட்டு உதைத்தாள். இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம், உயரத் தூக்கிச் சில. அறுபதுக்கு மேல் அவளுக்கு அலுத்துப்போய்க் கொட்டாவியே வந்துவிட்டது. நூறு முடிந்ததும் கணிப்பொறி சராசரியை எடுத்தது.

எட்டாம் பதிவு வெளிவந்த அன்றே ஏழாம் பதிவில் வாங்கிய சான்றுகள் எல்லாம் காலாவதியாயின. மாநிலம் முழுக்கப் பன்னிரண்டாயிரம் பிள்ளைகள் கச்சையில் எட்டாம் பதிவை ஏற்றிக்கொண்டு, காலி வலையைப் பார்த்து அறுபது நாள் உதைத்தார்கள். பந்து ஒவ்வொரு முறையும் வலைக்குள் போயிற்று. எல்லோருக்கும் சான்றும் கிடைத்தது. அமுலுவின் சான்று தபாலில் வந்தபோது அவள் அதை மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டே பயிற்சி செய்தாள்.

பருவத்தின் முதல் ஆட்டம் கொளத்தூர் அணியோடு. எட்டாம் நிமிடத்தில் கொளத்தூர் பெண் ஒருத்தி தனியாகப் புகுந்துவிட்டாள். ஓடிவந்த விதமும் சாய்ந்த விதமும் அசல் அமுலுவேதான். பந்து நேராக டெய்சியின் வயிற்றுக்கு வந்தது. புதிய ஓட்டத்தைக் கண்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள் டெய்சி. அதனாலேயே பிடித்தாள். அடுத்ததும் வயிற்றுக்கு. இந்தப் பக்கம் வியாசர்பாடிப் பெண்கள் உதைத்ததும் எதிர்க் கீப்பரின் வயிற்றுக்கே போயிற்று. இடைவேளைக்குள் இரண்டு கீப்பர்களும் பதினேழு பந்துகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாற்பத்தோராம் நிமிடத்தில் அமுலுவுக்குப் பந்து கிடைத்தது. அவள் அவசரமில்லாமல் நிமிர்ந்து பார்த்தாள். வலப்பக்கம் தள்ளிவிட்டாள். கீப்பர் அசையவே இல்லை. கோல் விழுந்தால் எந்தப் பக்கம் கை காட்ட வேண்டும் என்று நடுவர் ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது. பிறகுதான் ஊர் கத்தியது. கொளத்தூர்க்காரர்களும் சேர்ந்துதான் கத்தினார்கள். லீலா அழுதுவிட்டாள். மூன்று ஆண்டு ஈரக் கச்சைகளை உலர்த்தியவளுக்கு அந்த அழுகை வேண்டித்தான் இருந்தது.

மூன்றாம் நாள் நவநீதன் மைதானத்துக்கு வந்தார், தூங்காத முகத்தோடு. மாநிலம் முழுக்க எல்லாப் பிள்ளைகளும் கீப்பரின் வயிற்றிலேயே உதைக்கிறார்கள், நிறுவனத்துக்குத் தொலைபேசி ஓயவில்லை என்றார். அவர் கணக்கு போட்டுப் பார்த்திருந்தார். அமுலுவின் நூறில் ஏறக்குறைய பாதி இடம், பாதி வலம், சில உயரம், சில தாழ்வு. சராசரி எடுத்தால் நட்டநடுவில், இடுப்பு உயரத்தில் வருகிறது.

“இந்த நூத்துல எதும்மா உன்னோட நிஜமான உதை? அதை மட்டும் சொல்லு, பதிவைத் திருத்திடலாம்.”

அமுலு அவரை வியப்போடு பார்த்தாள். “நீங்க என் காலத்தான சார் புட்ச்சீங்க? நான் பாக்குறது கீப்பரோட கால. எந்தக் கால்ல வெயிட்டு போட்டுனு நிக்கிறாளோ, அந்தப் பக்கம் அவளால சட்டுனு பாய முடியாது. அங்க தள்ளிவுட்ருவேன். உங்க ரூம்லதான் யாருமே நிக்கலியே.”

நவநீதன் அதை அப்படியே குறித்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். எட்டாம் பதிவைத் திரும்பப் பெறுவது என்று முடிவாகிவிட்டதாம். பதிவு ரத்தானால் அதன் பேரில் கொடுத்த சான்றும் ரத்து. அமுலு இனி ஆட முடியாது, வருத்தமாகத்தான் இருக்கிறது என்றார்.

அமுலுவின் கை தன்னையறியாமல் மேல்சட்டையைத் தொட்டது. லீலா அதைப் பார்த்தாள். மூன்று வாரம் வாய் திறக்காமல் இருந்தவள் இந்த முறை ஒரு நொடியும் தள்ளிப்போடவில்லை.

“எட்டாம் பதிவுல சான்று வாங்குனது இவ ஒருத்தியா சார்? பன்னெண்டாயிரம் பேரு. ஏழாவது ஏற்கெனவே காலாவதி. இவ ஆடக் கூடாதுன்னா மாநிலத்துல ஒரு புள்ளயும் ஆட முடியாது. யாரை வெச்சு போட்டி நடத்துவீங்க?”

நவநீதன் கைக்கணினியைத் திறந்து விதிகளை மேலிருந்து கீழ்வரை படித்தார். திரும்பக் கீழிருந்து மேல்வரை படித்தார். சங்கத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அங்கேயும் விதிகளைப் படித்துப் பார்த்தார்கள். ஒன்பதாம் பதிவு வரும்வரை சான்று கேட்பதில்லை, பெயர் கொடுக்கும் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒருவழியாக முடிவாயிற்று.

ஒன்பதாம் பதிவில் கீப்பரின் காலையும் சேர்த்துப் பதியப்போவதாக நவநீதன் சொன்னார். ஒரு முறை இப்போதே பார்த்துவிடலாம் என்று ஆசையாகக் கேட்டார். அமுலு பந்தை வைத்துவிட்டுப் பின்னால் போனாள். டெய்சி கோலில் நின்றாள், உடம்பின் பாரம் முழுவதும் இடது காலில். அமுலு அதைப் பார்த்தாள், ஓடிவந்தாள், அந்தப் பக்கமே தள்ளினாள். டெய்சி அதற்குள் வலது காலை ஊன்றி உந்தி, அதே பக்கம் பாய்ந்து பந்தை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டாள். இத்தனை நேரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவள் அவள்.

நவநீதன் லீலாவைப் பார்த்து, இதை எப்படி மேடம் பதிவது என்று கேட்டார். லீலாவுக்கும் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொடுக்க இந்த முறை எங்கிருந்து தொடங்குவது என்றுதான் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அமுலு ஏமாந்த வியப்பில் வாய் விட்டுச் சிரித்துக்கொண்டே, “இன்னொன்னு, இன்னொன்னு” என்று பந்தை எடுக்க ஓடினாள்.