இடது பக்க இருக்கை

இன்றைக்கு உள்ளே ஏறக் கூடாது. வெளியில் நின்றே சாமான்களை எடுத்துவிட வேண்டும்.

கொட்டகைக்குள் நுழையும்போதே அவள் அப்படித்தான் நினைத்தாள். பழைய பிக்கப் வண்டியை வாங்குகிறவர் நாளை வருகிறார். கணவரின் துண்டையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்து வைக்கும்படி கொழுந்தன் சொல்லியிருந்தான். அவனுடைய புது வண்டியில் கியர் தானாக மாறும். ஆனால் காலை மழையில் நனைந்தது, கிளம்ப மாட்டேன் என்றுவிட்டது. பழைய வண்டியின் பேட்டரியைக் கழற்றி அதில் பூட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனான்.

"அண்ணன் வண்டி கல்லு மாதிரி அண்ணி. என்னோடதுக்குத் தூறல் பட்டாலே ஜுரம் வந்துடுது."

கணவருக்கு இடது தோள் தூக்க வராது. அவர் கிளட்சை மிதிப்பார். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கியர் போடுவாள். சொல்லவே வேண்டியதில்லை, அவர் முழங்கால் இறங்கும்போது இவள் கை தானாகப் போகும். காய்ச்சலென்று இவள் கூடப் போகாத ஒரே நாளில், வண்டியையும் அவரையும் ஏரியிலிருந்துதான் எடுத்தார்கள்.

ஏரி ஈரம் காய்ந்ததும் அந்த வண்டி முதல் சாவிக்கே கிளம்பியது. எல்லோரும் அதன் உழைப்பை மெச்சினார்கள். இவள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

துண்டு ஓட்டுநர் இருக்கையில் கிடந்தது. அந்தப் பக்கக் கதவு சுவரை ஒட்டியிருந்தது; இந்தப் பக்கம் வெளியிலிருந்து கை எட்டவில்லை. நினைப்பதற்குள், பழகிய உடம்பு இடது பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டது.

டீசல் வாசனை. அதற்கடியில், பாசி.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள். திறக்கவில்லை.

பேட்டரி இல்லாத எஞ்சின் உறுமியது.

முன்விளக்கு வெளிச்சம் வாசலுக்கு வெளியே விழுந்தது. அங்கே சரிவு. சரிவின் அடியில், அந்திக் கருக்கலில், ஏரி.

கிளட்ச் மெதுவாக இறங்கியது. தரையைத் தொட்டு நின்றது.

காத்திருந்தது.

அவள் வலது கை ஏற்கெனவே கியர் குமிழின் மேல் இருந்தது. குமிழ் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. முன்னே ஒரு தள்ளு போதும். அவர் பொறுமைசாலி, எவ்வளவு நேரமானாலும் காலை எடுக்க மாட்டார்.

துண்டிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

அவள் கையை எடுத்தாள். மடியில் வைத்து, இன்னொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வரலைங்க," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

கிளட்ச் மேலே வரவில்லை. அவள் கையும் மடியை விட்டு எழவில்லை.