பச்சை வட்டம்

கணினித் திரையில் மதுக்கரைப் பக்கத்து மானாவாரிக் காடெல்லாம் சித்திரை வெயிலில் காய்ந்து செம்பழுப்பாகக் கிடக்க, ஒரே ஒரு இடம் மட்டும் வட்டமாய்ப் பச்சையாக இருந்தது. நித்யஸ்ரீ பெரிதாக்கிப் பார்த்தாள். புல்தான். இரண்டாயிரம் பேர் உட்காரும் திறந்தவெளி இசை நிகழ்ச்சிக்கு இடம் தேடிக்கொண்டிருந்தாள். மேடு பள்ளம், சாலைத் தூரம், மின்கம்பி என்று வரைபட மென்பொருளில் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில் மிஞ்சியது அந்தக் காடு மட்டும்தான். பழைய செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கித் தள்ளினாள். ஒன்பது வருடத்துக்கு முந்தைய படத்தில் புல் இல்லை. அதே இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம். கிணறு.

மறுநாள் சாயங்காலம் நிலத்துக்காரர் தம்பிதுரை அவளைக் காட்டுக்குள் கூட்டிப்போனார். கிணறு வற்றிப்போனதால் மூடிவிட்டதாகச் சொன்னார். காற்று அசையவில்லை. மாதக்கணக்காக மழையே பார்க்காத மண்ணில், அந்தப் புல்லிலிருந்து மட்டும் ஈரவாசம் எழுந்தது. அதற்கும் அடியில், நனைந்து மக்கிய துணியைப் போல வேறொரு வாசம்.

மேடையின் நடுவைக் குறிக்க அவள் முளைக்குச்சியை ஊன்றிச் சுத்தியலால் அடித்தாள். மூன்று அடி.

கீழிருந்து மூன்று.

இன்னொரு முறை அடித்தாள். ஒன்று.

கீழிருந்தும் ஒன்று.

தம்பிதுரைக்கும் கேட்டிருந்தது. அவர் முகத்தில் பயம் இல்லை. சலிப்புதான் இருந்தது.

"ஏனுங்க, கீழ யாருங்க?"

"தூர் வார எறங்குன ரெண்டு பேருங்க, அம்மணி. கரை சரிஞ்சுபோச்சு. தோண்டி எடுத்தா கேசு, கோர்ட்டுன்னு அலையோணும். அதான் பொக்லைன் வெச்சு மூடிப்போட்டேன்."

"அப்ப உயிர் இல்லீங்களா?"

"இருந்துச்சுங்க. மண்ணைத் தள்ளத் தள்ளத் தட்டீட்டேதான் இருந்தாங்க." வேட்டியில் ஒட்டிய புல்லை உதறிக்கொண்டார். "பாட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்காதுங்க. நீங்க மேடையப் போடுங்க."

அவர் கார் நிற்கும் பக்கம் நடந்தார். அவர் காலடிக்குக் கீழே எந்தத் தட்டலும் இல்லை.

நித்யஸ்ரீ ஓடினாள். பாதம் பட்ட இடத்துக்கு நேர் கீழே ஒரு தட்டல். அடுத்த அடி. அங்கும். புல்லைத் தாண்டிவிட்டாள். கட்டாந்தரை. அங்கும்.

நின்றாள். தட்டலும் நின்றது.

குனிந்து காலடியைப் பார்த்தாள்.

வலது செருப்பின் அடியில் ஏதோ மெதுவாகச் சுரண்டியது. நகம்.

பிறகு, இடது செருப்பின் அடியில்.